தானாக ரீஸ்டார்ட் ஆகும் பழைய லேப்டாப்: எந்தக் கருவி துப்புக் கொடுக்கும், எந்தப் பாகம் வீண் செலவு

பழைய லேப்டாப் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் மூன்றே பதில்தான் வரும். தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்று, ரேம் மாற்று, விண்டோஸை மறுபடி போடு. மூன்றுமே சில நேரம் பலன் தருவதுதான் இதில் சிக்கல். எதனால் சரியானது என்று தெரியாமலே சரியாகும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறோம்: மெஷின் செத்து எழுந்த பிறகு இது கையில் ஆதாரம் எதையாவது விட்டுவைக்கிறதா? பாகங்களுக்குக் கேள்வி வேறு: அந்த ஆதாரம் காட்டிய கோளாறை இது தீர்க்கிறதா, மூடி மறைக்கிறதா?

கருவியைத் தொடுவதற்கு முன் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப் அணைந்து போகிறதா, ரீஸ்டார்ட் ஆகிறதா? பிராசசர் எல்லை மீறிச் சூடானால் போர்டு மின்சாரத்தையே துண்டித்துவிடும். லேப்டாப் இருண்டு கிடக்கும். சூடு தணியும்வரை சில மாடல்கள் பட்டனை அழுத்தினாலும் எழாது. அது தானாகத் திரும்ப ஆன் ஆவதில்லை. மூச்சு விடும் நேரம்கூடக் கொடுக்காமல் கம்பெனி லோகோ திரும்ப வருகிறது என்றால், சூடு சந்தேகப் பட்டியலில் கடைசிக்குப் போக வேண்டும். ரேம், டிரைவர், மின்சப்ளை மூன்றும் முன்னால் வர வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. டெல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் போர்டின் மென்பொருள்) ‘வேக் ஆன் ஏசி’ என்றும் லெனோவோ பயாஸில் ‘பவர் ஆன் வித் ஏசி அட்டாச்’ என்றும் ஓர் அமைப்பு உண்டு. அது ஆன் செய்யப்பட்டிருந்து, பேட்டரி செத்துப்போய், அடாப்டர் முனையும் தளர்ந்திருந்தால், அந்த முனை ஒரு கணம் விலகி ஒட்டும்போது லேப்டாப் அணைந்து தானாக எழும். பார்ப்பவருக்கு அச்சு அசல் ரீஸ்டார்ட் போலவே இருக்கும். முதல் வேலையாக அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை, விண்டோஸ் உண்மையை மறைக்காமல் பார்த்துக்கொள்வது. நீலத் திரை (விண்டோஸின் பிழைத் திரை) வந்தால் உடனே ரீஸ்டார்ட் செய்யும்படிதான் விண்டோஸ் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. நீலம் கண்ணில் படுவதற்குள் லோகோ வந்துவிடும். ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியின் ‘செட்டிங்ஸ்’ உள்ளே போய், ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுங்கள். அதே பெட்டியில் ‘ஸ்மால் மெமரி டம்ப்’ தேர்ந்திருக்கட்டும்; விழுந்த கணத்தில் என்ன நடந்தது என்று விண்டோஸ் எழுதிவைக்கும் கோப்புதான் டம்ப். சி டிரைவில் பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் கோப்பு) யாராவது ‘வேகத்துக்காக’ நிறுத்தி வைத்திருந்தால் அதையும் திரும்ப ஆன் செய்ய வேண்டும். பேஜ் ஃபைல் இல்லாவிட்டால் டம்ப் எழுத வழியில்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகும் நீலத் திரையே வராமல் பளிச்சென்று லோகோவுக்குப் போனால், விண்டோஸுக்கே தெரியாமல் கீழே ஏதோ நடக்கிறது என்று பொருள். அதுவே பாதிக் கண்டுபிடிப்பு.

ஈவென்ட் வியூவர்

காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட, விண்டோஸ் எழுதும் பதிவேட்டைக் காட்டும் இதற்குத்தான் முதல் இடம். ஏற்கெனவே விண்டோஸில் இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. ‘விண்டோஸ் லாக்ஸ்’ கீழே ‘சிஸ்டம்’ திறந்தால் சிவப்புக் குறிகளாகக் கொட்டிக் கிடக்கும். பார்த்ததும் பயந்து மூடிவிடுகிறார்கள். வலப்பக்கம் ‘ஃபில்டர் கரன்ட் லாக்’ அழுத்தி ஐடி கட்டத்தில் 41, 86, 1001, 1074, 6008 என்று கமா போட்டு எழுதுங்கள். மிச்சமெல்லாம் இப்போதைக்கு இரைச்சல்.

1074 இருந்தால் அது கோளாறே இல்லை. ஏதோ ஒரு புரோகிராம், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட், கேட்டுத்தான் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது; எந்தப் புரோகிராம் என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 1001 இருந்தால் நீலத் திரை பதிவாகியிருக்கிறது. 86 இருந்தால் சூடு எல்லை தாண்டி விண்டோஸே மெஷினை நிறுத்தியிருக்கிறது. 6008 என்பது முறையின்றி அணைந்ததைச் சொல்வது. அதன் வாக்கியத்துக்குள் இருக்கும் நேரம்தான் சாவு நடந்த நேரம். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 41-க்குப் பக்கத்தில் தெரிவது மெஷின் திரும்ப எழுந்த நேரம். இரவு முழுக்க அணைந்து கிடந்த லேப்டாப்பில் காலை 9 மணிக்குக் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

கெர்னல்-பவர் 41-தான் மையப் புள்ளி. ஆனால் 41 என்ற எண்ணே நோயின் பெயர் என்று நினைத்து இணையத்தில் தேடினால் காடு மேடெல்லாம் அலைய வேண்டும். அது ‘ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் எழுந்திருக்கிறேன்’ என்று மட்டுமே சொல்கிறது. அதைத் திறந்து ‘டீடெய்ல்ஸ்’ தாவலில் ‘பக்செக்கோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்து, ‘பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்’ வரியிலும் 0 இருந்தால், யாரும் பட்டனை அழுத்திப் பிடிக்கவில்லை, நீலத் திரையும் பதிவாகவில்லை. மின்சாரம் அறுந்ததோ போர்டு ரீசெட் ஆனதோதான் மிச்சம். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் அது நீலத் திரையின் ஸ்டாப் கோட். ஒரே குழப்பம், இங்கே அது சாதாரணப் பத்தடிமான எண்ணாக இருக்கும், மற்ற எல்லா இடத்திலும் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணாக) இருக்கும். கால்குலேட்டரை ‘புரோகிராமர்’ வகைக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 292 என்றால் ஹெக்ஸ் 124, பிராசசரோ போர்டோ தானே புகார் சொன்ன வன்பொருள் பிழை. 159 என்றால் 9எஃப், தூங்கும்போதோ விழிக்கும்போதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் போனது. 278 என்றால் 116, கிராஃபிக்ஸ். 122 என்றால் 7ஏ, டிஸ்க்கிலிருந்து படிக்க முடியாமல் போனது. 26 என்றால் 1ஏ, மெமரி மேலாண்மை. ரேமைச் சோதிக்கச் சொல்லும் குறிப்பு.

‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ (வன்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் விண்டோஸ் பகுதி) என்ற பெயரில் வரும் பதிவுகளையும் விட்டுவிடக் கூடாது. பிராசசரைக் குறைந்த வோல்ட்டில் ஓட்ட யாராவது த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளில் எண்ணைக் குறைத்து வைத்துவிட்டு மறந்திருந்தால் இந்தப் பதிவும் 124-ம் சேர்ந்தே வரும். பாகத்தை மாற்றும் முன் அந்த அமைப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

டம்ப் படிக்கும் மென்பொருள்கள்

நிர்சாஃப்ட்டின் புளூஸ்க்ரீன்வியூ சின்னது, நிறுவ வேண்டியதில்லை, பழைய மெஷினில் நொடியில் திறக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மினிடம்ப்’ கோப்புகளைத் தானே எடுத்து அடுக்கி, சாவு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த டிரைவர்களை இளஞ்சிவப்பில் காட்டும். வசதிதான், ஆனால் பாதி நேரம் அது காட்டும் பெயர் என்டிஓஎஸ்கேஆர்என்எல், அதாவது விண்டோஸின் கெர்னலே. கெர்னல் பெரும்பாலும் பிணத்தைக் கண்டெடுத்தவர், கொலைகாரர் இல்லை. ஹூக்ராஷ்டு அதே வேலையைச் செய்து, மேலே ஒரு பத்தி விளக்கமும் எழுதித் தரும். படிக்க எளிது, முடிவில் அநியாயத்துக்குத் தயக்கம். மைக்ரோசாஃப்டின் வின்டிபிஜிதான் துல்லியமானது. டம்பைத் திறந்து ஆச்சரியக்குறியோடு ‘அனலைஸ்’ கட்டளை கொடுத்தால் போதும், ஆனால் டம்பில் உள்ள முகவரிகளுக்குப் பெயர் சொல்லும் சிம்பல் கோப்புகளை இறக்க இணையம் வேண்டும். பழைய லேப்டாப்பில் செய்யாமல் டம்பை வேறு மெஷினுக்கு எடுத்துப் போய்த் திறப்பது நல்லது.

இவற்றில் ஒரு டம்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து டம்பிலும் ஒரே வைஃபை டிரைவரோ ஒரே கிராஃபிக்ஸ் டிரைவரோ வந்தால் டிரைவரைப் பிடிக்கலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு ஸ்டாப் கோட் என்றால் டிரைவர்களை விட்டுவிட்டு ரேமுக்குப் போங்கள். கெட்ட ரேம் யார் தலையில் விழும் என்று கணக்கே இருக்காது.

ரேம் சோதனை

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னோஸ்டிக் ‘பிழை இல்லை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். ‘பிழை இருக்கிறது’ என்றால் நம்பலாம். இயல்பாக ஓடும் சோதனை மேலோட்டமானது. எஃப்1 அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ தேர்ந்தால் கொஞ்சம் ஆழமாகப் போகும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

உண்மையான போட்டி, பெயரில் ஒரு கூட்டல் குறி மட்டுமே வித்தியாசப்படும் இரண்டு மென்பொருள்களுக்கு இடையில்தான். பாஸ்மார்க்கின் மெம்டெஸ்ட்86-க்கு முகப்பு அழகு. இலவசப் பதிப்பு நான்கு பாஸ்களோடு (முழுச் சோதனைச் சுற்றுகளோடு) நின்றுவிடும். இப்போதைய பதிப்புகள் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புதிய வகை) உள்ள மெஷினில் மட்டுமே எழும். பழைய பயாஸ் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி ‘இது ஏன் பூட் ஆகவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். மெம்டெஸ்ட்86+ திறந்த மூல மென்பொருள். 2013-இன் 5.01-க்குப் பிறகு வெகுகாலம் தூங்கிக் கிடந்து, 2022-இல் 6.00 ஆகப் புதிதாக எழுதப்பட்டு வந்தது. பழைய பயாஸிலும் ஓடும், யுஇஎஃப்ஐயிலும் ஓடும், பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பழைய லேப்டாப்புக்கு கூட்டல் குறி உள்ளதையே எடுங்கள்.

ஒரு பாஸ் முடிந்தது, பிழை இல்லை என்று நிறுத்துவது சோதனையே அல்ல. இரவு முழுக்க ஓட விடுங்கள். சில பிழைகள் போர்டு சூடான பிறகுதான் தலை காட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது பிழைதான்; ‘ஒன்றுதானே’ என்ற சலுகை ரேமுக்குக் கிடையாது. மெம்டெஸ்ட்86-இன் 13-ஆம் சோதனையில் மட்டும் பிழை வந்தால் கொஞ்சம் நிதானிக்கலாம். அது ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பக்கத்து வரிசை கலங்குகிறதா என்று பார்ப்பது; அன்றாடப் பயன்பாட்டில் அந்த அளவு அடி விழுவது அரிது.

பிழை வந்துவிட்டால் உடனே புது ரேம் வாங்கக் கிளம்ப வேண்டாம். அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, இரண்டு ஸ்டிக்கையும் எடுங்கள். தங்க விளிம்பை 99 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். ரப்பரால் தேய்ப்பது எல்லோரும் சொல்லும் வழி; ஆனால் அது முலாமையும் சேர்த்துச் சுரண்டும், துகளை ஸ்லாட்டுக்குள் விடும். பிறகு ஸ்டிக்கைச் சாய்வாக, தங்கக் கோடு ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, கீழே அழுத்தி இரண்டு பக்கக் கொக்கியும் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட் என்று சோதியுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டோ பிராசசரின் மெமரி கன்ட்ரோலரோ கெட்டது. அப்போது நல்ல ஸ்லாட்டில் ஒற்றை ஸ்டிக்கோடு ஓட்டுவதுதான் நடைமுறைத் தீர்வு. பல மாடல்களில் இரண்டாவது ஸ்லாட் அடிமூடிக்குள் இருக்காது, கீபோர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் லேபிளில் ‘பிசி3’, ‘பிசி3எல்’ வித்தியாசத்தைப் பாருங்கள். முன்னது 1.5 வோல்ட் டிடிஆர்3, பின்னது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். 1.35 வோல்ட் ஸ்டிக்கை 1.5 வோல்ட் மெஷினில் போடலாம், ஓடும். இன்டெல் நான்காம் தலைமுறை கோர் லேப்டாப்புகள் 1.35 வோல்ட் மட்டுமே தருபவை, அவற்றில் 1.5 வோல்ட் ஸ்டிக் ஒத்துவராது.

எச்டபிள்யூஇன்ஃபோ

சூட்டைப் பார்க்கப் பல மென்பொருள்கள் உண்டு. இந்த வேலைக்கு இதுவே முதல். காரணம் இரண்டு. கீழே உள்ள லாக் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு அளவையும் சிஎஸ்வி கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மெஷின் விழுந்தாலும் கோப்பு டிஸ்க்கில் இருக்கும், கடைசி வரியைப் பார்த்தால் விழுந்த கணத்துக்குச் சற்று முன்பு சூடு எவ்வளவு, பேட்டரி வோல்ட் எவ்வளவு என்று தெரியும். இரண்டாவது, பிராசசர் தன் வேகத்தைச் சூட்டால் குறைத்துக்கொண்டதா என்பதற்கும், டபிள்யூஎச்இஏ பிழை எண்ணிக்கைக்கும் தனி வரி காட்டும். ‘சென்சார்ஸ் ஒன்லி’ டிக் செய்து திறந்தால் போதும். சில பழைய லேப்டாப்களில் எம்பெடட் கன்ட்ரோலர் (ஃபேன், பேட்டரி, கீபோர்டைக் கவனிக்கும் சிப்) சென்சாரைப் படிக்கத் தொடங்கியதும் மௌஸ் திக்கும்; அது கேட்கும்போது அந்த சென்சாரை நிறுத்திவிடச் சம்மதியுங்கள்.

லேப்டாப் இன்டெல் சிப்களின் எல்லை பொதுவாக 100 அல்லது 105 டிகிரி. அதைத் தொட்டதும் வேகம் குறையும், அவ்வளவுதான். லோடில் 90-ஐத் தாண்டுவது நல்ல அறிகுறி இல்லை, ஆனால் அது மட்டுமே ரீஸ்டார்ட்டுக்குக் காரணமாகாது. லாகின் கடைசி வரியில் 62 டிகிரி என்று இருந்தால் பேஸ்ட் வாங்கும் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

இதோடு, பிராசசரை முழுமூச்சாக வேலை வாங்கும் பிரைம்95-ஐ இணைத்துப் பார்த்தால் துப்பு இன்னும் கூர்மையாகும். ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ தேர்ந்து ஓட்டுங்கள். ஓட விட்ட சில நொடிகளுக்குள், சூடு ஏறுவதற்கு முன்பே மெஷின் விழுந்தால் கோளாறு மின்சப்ளையில்: அடாப்டர், பேட்டரி, அல்லது பிராசசருக்கு மின்சாரம் தரும் போர்டுப் பகுதி. பத்து நிமிடம் சூடு ஏறிக்கொண்டே போய் எல்லையில் நின்று பிறகு அணைந்தால் குளிரூட்டல். பழைய லேப்டாப்பில் கால் மணிக்கு மேல் இந்தச் சோதனையை ஓட்ட அவசியம் இல்லை, பக்கத்திலேயே இருங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஃபர்மார்க் ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. ஏற்கெனவே தள்ளாடும் கிழட்டு ஜிபியுவின் மேல் அதை ஏவுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஒரு சாதாரண விளையாட்டு ஓட்டினாலே உண்மை தெரிந்துவிடும்.

டிஸ்க்

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போதும். மேலே பச்சையோ நீலமோ ‘குட்’ காட்டுவதைப் பார்த்துத் திருப்தி அடையாமல் 05, சி5, சி6 வரிகளைப் (கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை) பாருங்கள். இவற்றின் மதிப்பு ஹெக்ஸில் இருக்கும். சி5 பூஜ்யமாக இல்லையென்றால் முதலில் கோப்புகளை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள், பிறகு மற்றதெல்லாம். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லது, அதன் கனெக்டரோ கேபிளோ தளர்ந்திருக்கிறது.

மணி அடித்தாற்போல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விழும் பழைய லேப்டாப் கையில் வந்தால் எஸ்எஸ்டி மாடலைப் பாருங்கள். குரூஷியல் எம்4-இன் ஆரம்ப ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. மொத்த ஓட்டம் 5,184 மணி நேரத்தைத் தொட்டதும் டிரைவ் பதில் சொல்லாமல் போகும், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும், ஏறக்குறைய ஒரு மணி ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி போகும். 2012 ஜனவரியில் வந்த 0309 ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. பேஸ்ட்டும் ரேமும் மாற்றி ஓய்ந்தவர்கள் கடைசியாகப் பார்க்கும் இடம் இதுதான்.

லினக்ஸ் பென்டிரைவ்

விண்டோஸை அழித்து மறுபடி போடுவதற்கு முன் ஏதாவது ஒரு லினக்ஸை லைவாக ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதையும் தொடாமல் அரை நாள் வீடியோ, பிரவுசர் என்று ஓட்டினாலே போதும். அங்கேயும் விழுந்தால் விண்டோஸ் நிரபராதி, மறுபடி நிறுவுவது நேர விரயம். விழவில்லை என்றால் சந்தேகம் டிரைவர்மீதோ டிஸ்க்மீதோ திரும்பும். லைவ் ஓட்டத்தில் மெஷின் விழுந்தால் லாகும் ரேமோடு போய்விடும் என்பது மட்டும் குறை.

அடாப்டரும் பேட்டரியும்

மல்டிமீட்டர் தரும் பதிலைத் தப்பாகப் புரிந்துகொள்வது மிகச் சுலபம். 19.5 வோல்ட் அடாப்டரின் முனையில் 19.4 காட்டினால் ‘அடாப்டர் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டும் அடாப்டர் லோடு விழுந்ததும் சரிந்துபோகலாம். நம்பகமான சோதனை இன்னும் எளிது: பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றி அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். ஒன்றில் விழுந்து இன்னொன்றில் விழாவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் அடிமூடியைத் திறந்து அதன் கனெக்டரை எடுக்க வேண்டும். பழைய மேக்புக்குகளில் பேட்டரியை எடுத்தால் பிராசசர் வேகம் குறைந்துவிடும். ஆகவே அந்தச் சோதனையில் ‘விழவில்லை’ என்பதற்கு மதிப்புக் குறைவு.

வாட் குறைந்த மாற்று அடாப்டர்தான் பழைய லேப்டாப்களில் அடிக்கடி சிக்கும் குற்றவாளி. 90 வாட் கேட்கும் மெஷினுக்கு 65 வாட் மாட்டினால், பற்றாக்குறையைப் பேட்டரி ஈடுகட்டும் வரை ஒன்றும் தெரியாது. பேட்டரி ஓய்ந்ததும் லோடு எகிறும் நொடியில் விழும். டெல் அடாப்டரின் நடு ஊசி, அடாப்டரின் வாட் அளவை லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல் கம்பி. அது முறிந்தால் அடாப்டர் வகை தெரியவில்லை என்று பயாஸ் புகார் சொல்லும், பேட்டரி சார்ஜ் ஏறாது, பிராசசர் ஊர்ந்து போகும். அந்தச் செய்தியை எஃப் விசை அழுத்திக் கடந்து போவதால் கோளாறு போய்விடாது.

பேட்டரியின் நிலையை ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையின் பேட்டரி ரிப்போர்ட் காட்டும்: வடிவமைத்த கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. ஆனால் கொள்ளளவு குறைந்ததாலேயே லேப்டாப் விழாது. உள்மின்தடை ஏறிய செல்தான் வீழ்த்தும். 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே படக்கென்று அணைவது அதன் அடையாளம். மாற்றுப் பேட்டரி வாங்கும் முன் மாடலைப் பாருங்கள்: திங்க்பேட் எக்ஸ்230, டி430 தலைமுறையின் ஃபர்ம்வேர் அங்கீகாரமில்லாத பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும். டச்பேட் மேடாக எழும்பியிருந்தாலோ அடிமூடி பிதுங்கியிருந்தாலோ சோதனை எல்லாம் பிறகு. மெஷினை அணைத்துப் பேட்டரியை வெளியே எடுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது.

பேஸ்ட், பேட், ஃபேன்

லாகில் சூடுதான் காரணம் என்று உறுதியானவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. லேப்டாப்பில் பிராசசரின் சிலிக்கான் மேல் உலோக மூடி கிடையாது. ஹீட்சிங்க் நேராக அதன்மேல் உட்காரும். சூடாகி ஆறும்போதெல்லாம் பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் பிதுங்கும். அதனால் டெஸ்க்டாப்பில் முதலிடம் வாங்கும் பேஸ்ட் இங்கே முதலிடம் வாங்காது.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மின்சாரம் கடத்தாது, பூச எளிது, பழைய இரண்டு கோர் லேப்டாப்புக்குத் தாராளமாகப் போதும். தெர்மல் கிரிஸ்லி கிரையோநாட் புதிதாகப் பூசிய நாளில் ஒன்றிரண்டு டிகிரி குறைவாகக் காட்டும்; ஆனால் 80 டிகிரிக்கு மேலேயே குடியிருக்கும் லேப்டாப் சிப்பில் சீக்கிரம் காய்கிறது என்ற புகார் பரவலாக உண்டு. இந்த வேலைக்கு நாங்கள் தேர்வது ஹனிவெல் பிடிஎம்7950. பேஸ்ட் இல்லை, மெல்லிய தாள். சுமார் 45 டிகிரியில் இளகிப் பள்ளங்களை நிரப்பும், பிதுங்கி வெளியேறுவது மிகக் குறைவு. சிப்பின் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். மேல் படலம் உரிய மறுத்தால் தாளைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சுலபமாக வரும். முதல் சில சூடு, ஆறல் சுற்றுகளுக்குப் பிறகே முழுப் பலன் தெரியும். போலிகள் நிறைய உலவுவதால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். லிக்விட் மெட்டல் பக்கமே போக வேண்டாம்: காலியம் கலந்தது, அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி சிதறினால் போர்டில் ஷார்ட்.

பேஸ்ட்டைவிட அதிகம் சொதப்புவது தெர்மல் பேட். கிராஃபிக்ஸ் மெமரி மேலும் பவர் சிப்கள் மேலும் இருக்கும் அந்த ரப்பர் துண்டுகள் கிழிந்தால் ‘கிடைத்ததைப் போடலாம்’ என்று 1 மி.மீ இடத்தில் 1.5 மி.மீ போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், பிராசசரில் சரியாக உட்காராது. பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு கூடிவிட்டது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். திருகுகளை ஹீட்சிங்கில் அச்சடித்த 1, 2, 3, 4 எண் வரிசைப்படி, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

காற்று டப்பாவால் வெளியிலிருந்து ஊதுவது அரை வைத்தியம். ஃபேனுக்கும் செப்புத் துடுப்புகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும் தூசு அப்படி வெளியே வராது. ஃபேன் மூடியைக் கழற்றி உரித்தெடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அளவு மீறிச் சுழன்று பேரிங் போகும்.

காசைக் கரைப்பவை

டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகை மென்பொருள்களுக்கு இந்தக் கோளாறில் வேலையே இல்லை. சில கிளீனர்கள் மினிடம்ப் கோப்புகளையும் அழித்து இருந்த ஆதாரத்தையும் கெடுக்கும். போர்டில் இருக்கும் சிஆர்2032 நாணயப் பேட்டரியை மாற்றினால் கடிகாரம் சரியாகும், ரீஸ்டார்ட் நிற்பது அபூர்வம்.

ரீபாலிங் (சிப்பைக் கழற்றி அடியில் உள்ள குண்டுகளைப் புதிதாக வைப்பது) என்ற பெயரில் நடப்பது இதைவிடப் பெரிய செலவு. சிப்பின் அடியில் உள்ள ஈயக் குண்டுகள் விரிசல் விட்டிருந்தால் அது பலன் தரும். லேப்டாப்பின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் விழுகிறது என்பது அதற்கு ஓர் அறிகுறி. ஆனால் தளர்ந்த ரேமும் அதையேதான் செய்யும், முதலில் ரேமைப் பாருங்கள். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பேக்கேஜ் பொருளே பலவீனம் என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே விரிசல் விட்டது சிப் பேக்கேஜுக்குள் இருக்கும் இணைப்பு. வெளிக் குண்டுகளை மாற்றி என்ன பயன்? ஹீட் கன் காட்டினால் சில வாரம் ஓடும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. 2011 மேக்புக் புரோ 15, 17 அங்குல மாடல்களுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில் அறிவித்த இலவசப் பழுதுத் திட்டத்தின் அறிகுறிப் பட்டியலில் ‘எதிர்பாராமல் ரீஸ்டார்ட் ஆவது’ என்பதும் இருந்தது. அதன் குற்றவாளியும் கிராஃபிக்ஸ்தான். அந்த மாடல்களில் ரேமும் பேஸ்ட்டும் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தம் குறைவு.

போர்டு வேலையில் உண்மையிலேயே செய்யத் தகுந்த ஒன்று உண்டு. 2000களின் இரண்டாம் பாதியில் வந்த சில தோஷிபா சேட்டலைட் மாடல்களில் பிராசசருக்கு அருகே என்இசி/டோக்கின் என்று அச்சிட்ட அகலமான தட்டை மின்தேக்கி இருக்கும். அது வயதாகிச் சோர்ந்தால் பிராசசருக்குப் போகும் மின்சாரம் லோடில் அலைபாயும். பிரைம்95 ஓட்டிய மறுநொடி விழுவது, பூட் ஆகும்போதே விழுவது என்று கோளாறு காட்டும். அதற்குப் பதிலாக 330 மைக்ரோஃபேரட் பாலிமர் டான்டலம் மின்தேக்கிகள் மூன்றோ நான்கோ இணையாகப் பற்றவைக்கிறார்கள். அடியில் உள்ள தரைத்தளம் சூட்டை இழுத்துக்கொள்வதால் சாதாரணச் சின்ன இரும்பால் முடியாது, போர்டைக் கீழிருந்து சூடேற்றியே செய்ய வேண்டும். கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் எச்டபிள்யூஇன்ஃபோ லாகையும் பக்செக்கோட் 0 என்ற 41 பதிவையும் காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகும் ‘முதலில் விண்டோஸ் போட்டுப் பார்க்கலாம்’ என்று அவர் சொன்னால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.